பிரித்துக் கொண்டுபோன கூரை

மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சங்காடியில் செம்பிட்ட பள்ளி என்றொரு பழைய பள்ளிவாசல் இருக்கிறது. கூரையில் செப்புத் தகடு வேய்ந்ததால் வந்த பெயர். 1520இல் கட்டியது என்று ஊரார் சொல்கிறார்கள். காயல்பட்டினத்திலிருந்து வந்து கொச்சியில் குடியேறி வாணிபம் செய்த நைனா குடும்பத்தாரையும் அதன் கதையோடு சேர்த்தே பேசுகிறார்கள். ஆனால் அதற்கும் ஏறக்குறைய 175 ஆண்டுகள் முன்பே கொச்சங்காடியில் வேறொரு வழிபாட்டுக் கட்டடம் இருந்தது. அது யூதர்களுடையது. இன்று அதன் சுவர்கூட மிஞ்சவில்லை.

மிஞ்சியது ஒரு கல். எபிரேய எழுத்துகள் வெட்டிய அந்தக் கல்லில் யூத ஆண்டு 5105 என்று இருக்கிறது. நம் கணக்கில் 1344-45. கொச்சங்காடி யூதப்பள்ளி அழிந்த பிறகு கல் யூதத் தெருவுக்கு வந்து சேர்ந்தது. இப்போது பரதேசி யூதப்பள்ளியின் வெளிச்சுவரில் பதித்து வைத்திருக்கிறார்கள். கேரளத்தில் இதைவிடப் பழைய எபிரேயக் கல் உண்டு. சேந்தமங்கலத்தில் ஒரு பெண்ணின் கல்லறைக் கல் 1269ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆனால் ஒரு யூதப்பள்ளி கட்டிய ஆண்டைச் சொல்லும் கல் என்றால், கேரளத்தில் கொச்சங்காடிக் கல்தான் மூத்தது.

அந்த ஆண்டுக்கு ஒரு பின்னணி இருக்கிறது. கொடுங்ஙல்லூர்த் துறைமுகத்தில் நூற்றாண்டுக் கணக்கில் வாணிபம் செய்துவந்தவர்கள் மலபார் யூதர்கள். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்ஙல்லூர் முகத்துவாரத்தைத் தூர்த்து, கொச்சியில் புதிய வாயிலைத் திறந்துவிட்டது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரும் சொல்லிவரும் செய்தி. கப்பல் போன பக்கம் வணிகரும் போனார்கள். வெள்ளத்துக்குப் பின் மூன்று நான்கு ஆண்டுகளில் கொச்சங்காடியில் யூதப்பள்ளி எழுந்துவிட்டது. புது ஊரில் கடை போட்ட கையோடு கும்பிடும் இடத்தையும் கட்டிக்கொள்ளும் வழக்கம் எல்லா வணிகச் சமூகத்துக்கும் உண்டு.

அதற்கு இருநூறு ஆண்டுகள் கழித்து, 1544 வாக்கில், அதே மலபார் யூதர்கள் மட்டாஞ்சேரியில் கடவும்பாகம் யூதப்பள்ளியைக் கட்டினார்கள். எர்ணாகுளத்திலும் இதே பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். சுற்றுலாப் பயணிகள் வரிசை கட்டும் பரதேசிப் பள்ளி 1568ஆம் ஆண்டுக் கட்டடம். கடவும்பாகம் அதற்கும் மூத்தது. பரதேசிப் பள்ளி ஐரோப்பாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பின்னால் வந்த யூதர்களுடையது. உள்ளூர் யூதர்களுக்கு அங்கே சம உரிமை கிடையாது. சாதி பார்க்கும் ஊரில் யூதரும் சாதி பார்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் ஏ.பி. சேலம் என்ற வழக்கறிஞர் அந்தப் பள்ளிக்கு உள்ளேயே சத்தியாகிரகம் செய்துதான் அந்த வழக்கத்தை அசைக்க வேண்டியிருந்தது. மலபார் யூதர்கள் தங்களுக்கென்று தனிப் பள்ளிகளை வைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

கடவும்பாகத்தை வெளியிலிருந்து பார்த்தால் சுண்ணாம்பு பூசிய சுவர், மேலே ஓடு. சரக்குக் கிடங்கு என்று நினைத்துக் கடந்து போய்விடலாம். சங்கதி எல்லாம் உள்ளே இருந்தது. கேரளத்து யூதப்பள்ளிகளுக்கு ஒரு தனி அமைப்பு உண்டு. வேதச் சுருள்களை வைக்கும் மரப் பேழை ஜெருசலேம் இருக்கும் மேற்குத் திசைச் சுவரில் இருக்கும். கூடத்தின் நடுவில், சுற்றிலும் கம்பி அடைத்த ஒரு மேடை. வேதம் வாசிப்பவர் அதில் நிற்பார். இப்படிப் பேழையும் மேடையும் பல நாட்டு யூதப்பள்ளிகளிலும் பார்க்கலாம். கேரளத்தில் மட்டும் மாடியிலும் இன்னொரு மேடை இருக்கும். பெண்கள் உட்காரும் இடத்துக்கு முன்னால், கூடத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். விசேஷ நாட்களில் வாசிப்பு அங்கிருந்து நடக்கும். கீழே ஆண்கள் தலை நிமிர்ந்து கேட்பார்கள்.

தலை நிமிர்ந்தால் கண்ணில் படுவது கூரை. கடவும்பாகத்தின் பெருமை அதுதான். மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்குள் தாமரை செதுக்கி, வண்ணம் தீட்டியிருந்தார்கள். இஸ்ரேலில் தாமரை ஏது? அது கேரளக் கோயில் மண்டபத்துக் கூரையில் பூத்த தாமரை. பழைய பள்ளிவாசல்களின் மரவேலையிலும் அதன் சாயலைப் பார்க்கலாம். கோயிலுக்கு உளி பிடித்த கைகள்தான் பள்ளிவாசலுக்கும் யூதப்பள்ளிக்கும் உளி பிடித்தன. காசு கொடுத்தவர்கள் எபிரேயத்தில் வழிபட்டார்கள்; செதுக்கியவர்கள் தங்களுக்குத் தெரிந்த பூவைச் செதுக்கிவிட்டுப் போனார்கள்.

இந்த ஆசாரிமாரின் வேலைமுறையையும் சொல்ல வேண்டும். கேரளத்துப் பழைய மரக்கூரைகளில் இரும்பாணிக்கு அதிக வேலை இல்லை. ஒரு மரத்தின் முனையைக் கழுந்தாகச் சீவி, இன்னொன்றில் அதற்கேற்ற துளை தோண்டி, உள்ளே செருகி, மரமுளை அடித்து இறுக்குவார்கள். கடலோரத்து உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்து மரத்தையும் அரித்துவிடும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. அப்படிப் பொருத்திய கூரையில் பின்னால் ஒரு மரம் உளுத்துப் போனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். முழுக் கூரையையும் பிரித்து அடுக்கி வேறிடத்துக்குக் கொண்டுபோகவும் முடியும். கடவும்பாகத்துக்கு நேர்ந்தது அதுதான்.

பிரிப்பது என்பது கொச்சி யூதர்களுக்குப் புதிதல்ல. ஒவ்வோர் ஆண்டும் ஒன்றைக் கட்டி, ஒவ்வோர் ஆண்டும் அதைப் பிரித்தவர்கள் அவர்கள். செப்டம்பர், அக்டோபரில் வரும் சிம்ஹத் தோரா விழா, வேதத்தை வாசித்து முடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும் நாள். உலகெங்கும் யூதர்கள் அன்று வேதச் சுருள்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பாடி ஆடி, பள்ளிக்குள் ஏழு சுற்றுச் சுற்றுவார்கள். கொச்சியில் அதோடு நிற்காது. விழாவுக்கென்று பள்ளிக்குள் ஒரு தற்காலிகப் பேழையைக் கட்டிப் பட்டுத்துணி போர்த்தி, சுருள்களை எல்லாரும் பார்க்க வைப்பார்கள். பிற்பகலில் சுருள்களோடு வெளியே வந்து, பள்ளியைச் சுற்றி வலம் போவார்கள். கோயில் உற்சவத்தைத் தினமும் பார்த்து வாழ்ந்த ஊரில் இந்த ஊர்வலம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஆய்வாளர்களுக்குப் பெரிய ஐயம் எழவில்லை. விழா முடிந்ததும் எல்லாருமாகச் சேர்ந்து அந்தப் பேழையைப் பாட்டோடு பிரித்துப் போடுவார்கள். பிரிப்பதும் சடங்கின் ஒரு பகுதி. அடுத்த ஆண்டு மறுபடி கட்ட ஆள் இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்த சடங்கு அது.

1948இல் இஸ்ரேல் உருவானது. கேரளத்தில் அப்போது யூதர்கள் ஏறக்குறைய 2,400 பேர். 1950களின் முற்பாதியில் மலபார் யூதர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலும் விமானமும் ஏறினார்கள். நெகேவ் பாலைவனத்தின் நெவாதீம், ஜெருசலேம் மலைப் பக்கத்து மெசிலாத் சியோன் போன்ற வேளாண் குடியிருப்புகளில் குடியேற்றப்பட்டார்கள். மிளகும் மீனும் கோழியும் விற்றவர்கள் பூவும் காய்கறியும் பயிரிடக் கற்றுக்கொண்டார்கள். போகும்போது வேதச் சுருள்களை எடுத்துப் போனார்கள். பெண்கள் பாட்டு நோட்டுகளை எடுத்துப் போனார்கள். மலையாளத்தில் கைப்பட எழுதிய அந்த நோட்டுகளில் கல்யாணப் பாட்டும் விவிலியக் கதைப்பாட்டும் இருந்தன. இன்னின்ன பள்ளியை எழுப்பிய கதையைச் சொல்லும் பாட்டுகளும் இருந்தன. ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் அவற்றிலிருந்து தேர்ந்து தொகுத்த நூல் 2005இல் ஜெருசலேமில் வெளிவந்தது. கட்டடத்தை எடுத்துப் போக முடியாதவர்கள் கட்டிய கதையைக் கொண்டு போயிருந்தார்கள்.

மட்டாஞ்சேரியில் ஆளில்லாத கடவும்பாகம் கைமாறியது. வழிபாட்டுக்கூடம் சரக்குப் போடும் இடமானது. மழைக்காலம் தோறும் ஓடு விலகி நீர் இறங்கியது. தெக்கும்பாகம் என்ற மற்றொரு மட்டாஞ்சேரிப் பள்ளியை இடித்தே விட்டார்கள். கடவும்பாகத்துக்கும் அதே கதி வந்திருக்கலாம். 1991இல் ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகம் அதன் உட்புற மரவேலை முழுவதையும் வாங்கியது. பிரெட் வோர்ம்ஸ், டெல்லா வோர்ம்ஸ் என்ற பிரிட்டிஷ் தம்பதி பொருளுதவி செய்தார்கள். கூரையைப் பிரித்துக் கப்பலேற்றினார்கள். பழுது பார்த்து 1990களின் நடுவில் அருங்காட்சியகத்தில் மறுபடி பொருத்தினார்கள். பேழை மட்டும் பரவூர் யூதப்பள்ளியிலிருந்து போனது. இன்று இத்தாலி, ஜெர்மனி, சுரினாம் நாட்டு யூதப்பள்ளிகளோடு வரிசையில் அதுவும் நிற்கிறது. விளக்கு வெளிச்சத்தில், சீரான வெப்பநிலையில், கேரளத் தாமரைகள் நலமாக இருக்கின்றன.

நலமாக இருப்பது நல்ல செய்திதான். இங்கேயே கிடந்திருந்தால் கறையான் தின்றிருக்கும் என்று சொல்பவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கூடு மட்டும் நின்ற மட்டாஞ்சேரிக் கட்டடத்தின் முன்பக்கம் 2019 மழையில் சரிந்து விழுந்தது அந்த வாதத்துக்குப் பலம் சேர்க்கிறது. இருந்தாலும் ஒரு கேள்வி நிற்கிறது. ஓர் ஊர் கூடிச் செய்த மரவேலை, அந்த ஊரில் நிலைத்திருக்க என்ன வேண்டும்?

இதே கேள்வியை, கூரையை அருங்காட்சியகம் வாங்கிய அதே 1991இல், உலகத்தின் மறுகோடியில் ஒரு மரவேலைக்காரர் எழுப்பினார். அவர் முன்வைத்த பொருள் ஒரு குடை ராட்டினம்.

நம்மூர்த் திருவிழாவில் ராட்டினக் குதிரை என்றால் இரும்புக் கம்பியில் செருகிய தகரக் குதிரையோ ஃபைபர் குதிரையோதான். அமெரிக்காவில் 1870களிலிருந்து ஐம்பது ஆண்டு காலம் ராட்டினக் குதிரை உளியால் செதுக்கிய மரச்சிற்பமாக இருந்தது. நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் 1876இல் சார்லஸ் லூஃப் முதல் ராட்டினத்தை நிறுவிய பிறகு அந்தத் தொழில் சூடு பிடித்தது. பாஸ்வுட் என்ற மென்மரத்தின் துண்டுகளைப் பசைபோட்டு ஒட்டி, உள்ளீடற்ற பெட்டியாக உடலைச் செய்வார்கள். தலை, கால் எல்லாம் தனித்தனியாகச் செதுக்கி முளையடித்துச் சேர்ப்பார்கள். அமெரிக்க ராட்டினம் இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் குதிரையின் வலப்பக்கம்தான் கூட்டத்தின் கண்ணில் படும். பிடரி மயிர், மணிச்சரம், கண்ணாடிக் கற்கள் எல்லாம் வலப்பக்கத்தில் மட்டும். இடப்பக்கம் போகிற போக்கில் முடித்த வேலை. எந்தக் காட்சி எங்கிருந்து தெரியும் என்பதைக் கணக்கிட்டுச் செதுக்குவது நம்மூர் வாகன ஆசாரிகளுக்கும் தெரிந்த நுட்பம்.

கோனி ஐலண்ட் பட்டறைகளில் உளி பிடித்தவர்களில் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள். லித்துவேனியாவிலிருந்து வந்த மார்கஸ் இல்லியன்ஸ் பாய்ச்சல் குதிரைகளைச் செதுக்கினார். புரூக்ளின் யூதப்பள்ளிப் பேழைகளுக்குச் சிங்கங்களையும் செதுக்கினார். சாலமன் ஸ்டைனும் ஹாரி கோல்ட்ஸ்டைனும் 1908இல் செய்த ராட்டினம் 57 குதிரைகளோடு இன்றும் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சுற்றுகிறது. பேழைச் சிங்கத்தின் பிடரிக்கும் ராட்டினக் குதிரையின் பிடரிக்கும் ஒரே கைவேலை என்பதைக் காட்டவே நியூயார்க்கின் அமெரிக்க நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம் 2007இல் ஒரு தனிக் கண்காட்சி நடத்தியது. போலந்து, லித்துவேனியா ஊர்களில் அவர்கள் கண்டு வளர்ந்த மர யூதப்பள்ளிகளில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போரில் நாஜிகளால் அழிக்கப்பட்டன. அந்தக் கைவேலையின் சாயல் பிழைத்த இடங்களில் ஒன்று பொழுதுபோக்குப் பூங்கா.

இங்கும் கடவும்பாகத்தில் நடந்ததே நடந்தது. ராட்டினம் நடத்துவது கட்டுப்படியாகாத காலம் வந்தது. தனியாக ஒரு குதிரையை விற்றால் கிடைக்கும் காசு ராட்டினத்தை ஓட்டிக் கிடைக்கும் காசைவிட அதிகமானது. சேகரிப்பாளர்கள் குதிரை குதிரையாக வாங்கினார்கள். ராட்டினங்கள் பிரிந்து வரவேற்பறை அலங்காரமாகின.

மொன்டானா மாநிலத்தின் மிசூலா நகரைச் சேர்ந்தவர் சக் கபாரிச். அலமாரி செய்பவர். தன் பட்டறையில் ஆசைக்காகச் சில ராட்டினக் குதிரைகளைச் செதுக்கி வைத்திருந்தார். 1991இல் நகர மன்றத்திடம் போய் ஒரு பேரம் பேசினார்: ராட்டினத்துக்கு ஓர் இடம் கொடுங்கள், அதை யாரும் எக்காலத்திலும் பிரிக்க விடமாட்டோம் என்று உறுதி கொடுங்கள், நான் செய்து தருகிறேன். நகரம் ஒப்புக்கொண்டது. அடுத்த நான்கு ஆண்டுகள் ஊரே பட்டறையானது. உளியைத் தொட்டே பார்க்காதவர்கள் செதுக்கக் கற்றார்கள். சிலர் வண்ணம் பூசினார்கள். சிலர் பழைய இயந்திரத்தைத் துடைத்துப் பூட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். தன்னார்வலர்களின் உழைப்பு ஒரு லட்சம் மணி நேரத்துக்கு மேல். 1995 மே 27 அன்று ராட்டினம் ஓடத் தொடங்கியது. இன்றும் ஓடுகிறது. பழுதானால் சரிசெய்ய உளி பிடிக்கத் தெரிந்தவர்கள் அதே ஊரில் இருக்கிறார்கள்.

மிசூலாவில் ஆள் இருந்தார்கள், மட்டாஞ்சேரியில் போய்விட்டார்கள். இரண்டையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். அதற்கு மூன்றாவது ஊர் ஒன்று பதில் சொல்கிறது. குவோஸ்ஜெட்ஸ் என்ற இன்றைய உக்ரைன் ஊரில் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய மர யூதப்பள்ளி இருந்தது. இரண்டாம் உலகப் போரோடு அது அழிந்தது. கட்டியவர்களின் வழித்தோன்றல்களும் அங்கே இல்லை. பழைய புகைப்படங்களையும் ஓவியர்கள் விட்டுச்சென்ற வண்ணக் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு, மாணவர்களும் தச்சர்களும் 2011இல் போலந்தில் கூடினார்கள். கோடரியும் கைவாளும் கொண்டு கூரைச்சட்டத்தை வெட்டிச் சேர்த்தார்கள். பிறகு ஊர் ஊராகப் பட்டறை போட்டு உட்கூரை ஓவியங்களைத் தீட்டினார்கள். உண்மை அளவில் ஏறக்குறைய 85 விழுக்காடு கொண்ட அந்தக் கூரை இன்று வார்சாவின் பொலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செய்தவர்களில் பெரும்பாலோர் யூதர் அல்லர். 1544 வாக்கில் கடவும்பாகக் கூரையைச் செதுக்கிய ஆசாரிகளும் யூதர் அல்லர்.

மரவேலை ஒரு சமூகத்துக்குச் சொந்தம் என்று சொல்லும்போது இரண்டு பேரைச் சொல்ல வேண்டும்: செய்வித்தவர், செய்தவர். கடவும்பாகத்தைச் செய்வித்தவர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஜெருசலேமில் அந்தக் கூரையின் கீழே நின்று பார்க்கிறார்கள், அது அவர்கள் உரிமை. செய்தவர்களின் வழித்தோன்றல்கள் கேரளத்திலேயே இருக்கிறார்கள். கோயில் கூரைகளையும் நாலுகெட்டு வீடுகளையும் உருவாக்கும் அவர்களுடைய உளி இன்னும் மழுங்கவில்லை.

மூலம் போன இடத்தில் புதிதாகச் செய்து வைப்பதற்குக் கேரளத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தில் பரவூர் யூதப்பள்ளியைப் பழுது பார்த்தபோது, ஜெருசலேம் போய்விட்ட மூலப் பேழைக்குப் பதிலாக ஒரு நகலைச் செய்து அதே இடத்தில் வைத்தார்கள். இன்று அந்தக் கட்டடம் அருங்காட்சியகமாக இயங்குகிறது. சேந்தமங்கலம் யூதப்பள்ளியும் பழுது பார்க்கப்பட்டு மீண்டது. கடவும்பாகத்துக்கு வேண்டிய மூலமும் கண்முன் இருக்கிறது. போலந்துக்காரர்கள் புகைப்படத்தைப் பார்த்துச் செய்ததை, நாம் அசலை அளவெடுத்தே செய்யலாம். 2012 முதல் கொச்சி பினாலே காலங்களில் மட்டாஞ்சேரிக் கிடங்குகள் கலைக்கூடமாகின்றன. உலகெங்குமிருந்து கலை மாணவர்கள் வருகிறார்கள். அதில் ஒரு கிடங்கை, வருபவர்கள் பார்த்துவிட்டு மட்டும் போகாமல் உளி பிடித்துப் பழகும் ஆசாரிப் பட்டறையாக மாற்ற முடியும். செதுக்கிய தாமரைகளைக் கடவும்பாகத்தில் கொண்டுபோய்ப் பொருத்த முடியும். மிசூலா நகர மன்றம் கொடுத்த வாக்கைக் கொச்சி மாநகராட்சியும் எழுதிக் கொடுக்கட்டும்.

அதுவரை, கொச்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யூதத் தெருவில் மணிக்கூண்டையும் சீன ஓடுகளையும் பார்த்துவிட்டு, வாசனைப் பொருள் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். எர்ணாகுளத்திலிருந்து பேருந்தேறிப் பரவூர் போய், மறுபடி செய்து வைத்த அந்தப் பேழையின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கடவும்பாகத்துக்கும் இது ஆகுமா ஆகாதா என்பதை நீங்களே பார்த்துச் சொல்லலாம்.